ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு நெல்லையிலிருந்து முதல் தடவை போகிறவர்களுக்கு

மே மாதக் கடைசியில் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் கையில் ஒரு தொட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "ஊட்டியில வாங்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப ஏன் இப்படித் தொங்குது?" பாளையங்கோட்டையில் மொட்டை மாடி முழுக்கச் செடி வைத்திருப்பதால் என்னிடம் வைத்தியம் கேட்டு வருகிறார்கள். நானும் பார்ப்பேன். அநேகமாக அது ஒரு ஹைட்ரேஞ்சியாவாகவோ பிகோனியாவாகவோ இருக்கும். வைத்தியம் எதுவும் கிடையாது. கத்தரி வெயில் முடிவதற்குள் அதுவும் முடிந்துவிடும்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் தடவை போனபோது நீலப் பந்து மாதிரி பூத்திருந்த ஹைட்ரேஞ்சியாவை மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் கொண்டுவந்து சேர்த்தேன். எட்டாவது நாள் இலையெல்லாம் கருகிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "ஏட்டி, குளுகுளுன்னு கெடந்ததைக் கொண்டாந்து கொதிக்கிற மாடியில வச்சா அது என்ன செய்யும், பாவம்?" என்றாள். அதற்குப் பிறகு பல தடவை போய்விட்டேன். இப்போது ஊட்டிக்குப் போகும்போது என்ன பார்ப்பது, எதை வாங்காமல் வருவது என்பதில் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. செடி கொடி பிடிக்கும், ஆனால் இதுவரை போனதில்லை என்கிற நம்மூர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தேதி

கண்காட்சித் தேதியை மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும்வரை காத்திருந்தால் ரயிலில் இடம் கிடைக்காது. டிக்கெட் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. அதனால் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். 2022-ல் மே 20 முதல் 24 வரை நடந்தது. 2023-ல் 19 முதல் 23. அப்போதெல்லாம் ஐந்து நாள்தான். 2024-ல் மே 10 முதல் 20 என்று நீட்டினார்கள். 2025-ல் 15 முதல் 25. எல்லாவற்றிலும் மே 20 உள்ளே வருகிறது. அந்தத் தேதியை ஒட்டி ஒரு செவ்வாய், புதன் பார்த்து மார்ச்சிலேயே டிக்கெட் போட்டுவிடுங்கள். அறிவிப்பு வந்தபிறகு தேதி ஒத்துவரவில்லை என்றால் ரத்து செய்தால் ஆயிற்று. கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். பள்ளிக்கூட விடுமுறை, கோடை வெயில், கண்காட்சி மூன்றும் சேர்ந்தால் பூவுக்குப் பதில் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்க முடியும். தொடக்க நாளும் வேண்டாம். பெரிய மனிதர்கள் வருவார்கள், பாதையை அடைப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது நாள்தான் சரி. பூக்களைச் செருகிச் செய்யும் பெரிய உருவங்கள் அப்போது வாடாமல் இருக்கும். நாள் போகப் போக, மாற்றி மாற்றி வைத்தாலும், அந்தப் பளிச்சென்ற நிறம் குறையத்தான் செய்யும்.

போகும் வழி

நாகர்கோவிலிலிருந்து நெல்லை, மதுரை வழியாகக் கோவைக்குப் போகும் இரவு ரயில்தான் என் தேர்வு. ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் கோவை. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்களுக்கு ராஜபாளையம், பொள்ளாச்சி வழியாக மேட்டுப்பாளையத்துக்கே வாராந்திர ரயில் விட்டிருக்கிறார்கள். அது நீங்கள் போகும் கிழமைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொருந்தினால் கோவையில் இறங்கி அலைய வேண்டாம். ரயில் கிடைக்காவிட்டால் புதிய பேருந்து நிலையத்திலிருந்து கோவைக்குப் பேருந்து. கோவையில் ஊட்டிப் பேருந்துகள் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும். காந்திபுரத்தில் போய் நிற்காதீர்கள்.

முதல் தடவை போகிற எல்லாருக்கும் மலை ரயிலில் ஏற ஆசை இருக்கும். நியாயமான ஆசைதான். 1908-ல் ஊட்டிவரை முடிந்த பாதை, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். ஆனால் மேட்டுப்பாளையத்தில் காலை 7 மணி சுமாருக்குக் கிளம்பும் வண்டி ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும். அதைப் பிடிக்க முந்தின இரவே மேட்டுப்பாளையத்தில் தங்க வேண்டும். மே மாதத்தில் டிக்கெட்டும் திறந்த வேகத்தில் தீர்ந்துபோகும். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் மட்டும் ஒரு நாளில் பல தடவை வண்டி ஓடுகிறது. பேருந்தில் குன்னூர் போய், அங்கிருந்து ரயிலில் ஏறுங்கள். பிள்ளைகளுக்கு அதுவே போதும். செங்குத்தான ஏற்றத்தில் வண்டி பற்சக்கரத்தைப் பிடித்து ஏறும் பாதை மட்டும் குன்னூருக்குக் கீழேயே முடிந்துவிடும். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் இன்னொரு பயணம் போட்டுக்கொள்ளலாம்.

சொந்தக் காரில் போவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்துவிட்டது. உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 கோடையில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அரசு இணையதளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கும். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சீசனில் மேலே ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். திரும்பும்போது "வந்த வழி இது இல்லையே" என்று பதற வேண்டாம்.

உண்மையைச் சொன்னால் கார் எதற்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து அரசுப் பேருந்தில்தான் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறார்கள். அந்தப் பேருந்தில்தான் போகப்போகிறோம் என்றால் நெல்லையிலிருந்தே பேருந்தில் போய்விடலாமே.

தங்கும் இடத்துக்கு மே மாத ஊட்டியில் சொல்கிற விலைதான் விலை. ஒரு வருடம் தொலைபேசியில் ஒரு வாடகை பேசி முன்பணமும் அனுப்பிவிட்டுப் போனால், வாசலில் வைத்து அதற்கு ஒன்றரை மடங்கு கேட்டார்கள். கையில் குழந்தை, ராத்திரி எட்டு மணி. கொடுத்துத் தொலைத்தேன். இப்போது குன்னூரில் தங்குகிறேன். வாடகை கொஞ்சம் குறைவு, குளிரும் குறைவு, ஊட்டிக்கு ஒரு மணி நேரம். பேசிய வாடகையை எழுத்தில் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன

இங்கே 38, 39 டிகிரி வெயிலில் வியர்வையோடு கிளம்புவோம். 2,240 மீட்டர் உயரத்தில் இறங்கும்போது நடு இரவு மாதிரிக் குளிரும். ஒரு ஸ்வெட்டர், காதை மூடும் துணி, குடை. குடை முக்கியம். மே மாதம் பிற்பகலில் அங்கே கோடை மழை திடீரென்று பிடித்துக்கொள்ளும். பூங்கா முழுக்கச் சரிவு, மழை பெய்தால் புல்லும் கல்லும் வழுக்கும். பட்டுச்சேலையும் குதிகால் செருப்பும் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், முழங்காலுக்கு நன்றாக இருக்காது.

தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை. தண்ணீர் பாட்டிலையும் மலையடிவாரச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். சாப்பாட்டுக்கு நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழையிலையில் கட்டிக்கொண்டால் மறுநாள் காலைவரை கெடாது. மலை ஏறும்போது வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்கள் மேட்டுப்பாளையத்தில் பசிக்குதே என்று முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிடக் கூடாது. அங்கே ஒரு இட்லி, மேலே போய் மீதி.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு, பேனா. இது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

பூங்காவுக்குள்

கண்காட்சி நடப்பது அரசு தாவரவியல் பூங்காவில். பேருந்து நிலையத்திலிருந்து சேரிங் கிராஸ் வழியாக ஆட்டோவில் பத்து நிமிடம். நடந்தும் போகலாம். காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் ஏறும், மதியம் மழை வரும். அந்த முதல் இரண்டு மணி நேரம்தான் உங்கள் நேரம்.

பூங்காவின் கதை வேடிக்கையானது. வெள்ளைக்காரர்கள் மலையில் குடியேறிய புதிதில் அவர்களுக்கு முட்டைக்கோஸும் கேரட்டும் கிடைக்கவில்லை. மாதச் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் வைத்தார்கள். அது சரிப்படாமல், லண்டன் கியூ தோட்டத்தில் பழகிய வில்லியம் கிரகாம் மெக்ஐவர் என்பவர் 1848-ல் வந்து தொட்டபெட்டா சரிவில் இப்போதுள்ள பூங்காவை உருவாக்க ஆரம்பித்தார். மொத்தம் 22 ஹெக்டேர், அதாவது 55 ஏக்கர். மலர்க் கண்காட்சி 1896-ல் தொடங்கியது. கொரோனாவால் 2020-லும் 2021-லும் நடக்கவில்லை. 2023-ல் நடந்தது 125-வது.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் பெரிய உருவத்தை நோக்கி ஓடுவார்கள். 2023-ல் கார்னேஷன் பூவில் ஒரு மயில், 2025-ல் சோழர் காலத்து அரண்மனை. ஈரம் நிற்கும் பஞ்சுக் கட்டைகளைச் சட்டத்தில் பொருத்தி, அதில் ஒவ்வொரு பூவாகக் காம்பைச் செருகிச் செய்வது. பார்க்க வேண்டியதுதான், போட்டோ எடுக்க வேண்டியதுதான். ஆனால் அதில் நமக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. மதியம் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்துக்கொள்ளலாம். காலையில் நேராக மலர் மாடத்துக்குப் போங்கள். பூந்தொட்டிகளை ஆயிரக்கணக்கில் படிப்படியாக அடுக்கி வைத்திருக்கும் இடம் அது. அடுத்து கண்ணாடி மாளிகை.

மாடத்தின் முன்னால் ஒரு பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். பூவை அப்புறம் பார்க்கலாம், முதலில் அடுக்கைப் பாருங்கள். ஒரு தொட்டியின் மண்விளிம்புகூடக் கண்ணில் படாது. முன்வரிசைச் செடியின் தலை பின்வரிசைத் தொட்டியை மறைக்கிற மாதிரி உயரம் பார்த்து அடுக்கியிருப்பார்கள். ஒரே நிறம் பட்டையாகப் போகும். நடுவில் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க கோலியஸ் மாதிரி இலைச்செடி. நம் வீட்டில் என்ன செய்கிறோம்? பத்துத் தொட்டியில் பத்து வகை வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பூ பூத்து, மொத்தத்தில் எதுவும் தெரியாமல் போகிறது. நான் அங்கே பார்த்துவிட்டு வந்து செய்த முதல் வேலை, மாடிப்படிக்கட்டில் எட்டுத் தொட்டி நிறைய வாடாமல்லி மட்டும் வைத்ததுதான். பாளையங்கோட்டை வெயிலில் ஊதா நிறத்தில் ஒரு சின்ன மாடம். அதற்கு ஆன செலவு ஒரு பிடி விதை, பக்கத்து வீட்டு மதினி கொடுத்தது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது செடியின் கட்டு. பெட்டூனியா, சால்வியா, டேலியா, சாமந்தி எதை எடுத்தாலும் ஒல்லியாக நெட்டையாக ஒன்றும் இருக்காது. குட்டையாக, கிளை கிளையாக, ஒரே நேரத்தில் பூத்திருக்கும். இதன் ரகசியம் உரம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணே, இதுக்கு என்ன உரம் போடுறீங்க?"

"உரத்தை விடும்மா. கிள்ளணும். நாலஞ்சு இலை வந்ததும் நுனியக் கிள்ளிடணும். மனசு வராது, கிள்ளணும்."

"எல்லாம் ஒண்ணா எப்படிப் பூக்குது?"

"ஒண்ணாப் பூத்துடக் கூடாதும்மா. பத்து நாள் நிக்கணும்ல? தவணை தவணையா விதைப்போம். எந்த ஊரு நீங்க?"

"திருநெல்வேலி."

சிரித்தார். "அப்ப இதுல எதையும் வாங்கிட்டுப் போகாதீங்க."

மே மாதத்தில் பூக்க வேண்டிய செடிக்கு அவர்கள் பல மாதம் முன்பே வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள். விதைப்பு, நாற்று, தொட்டி மாற்றுவது, நுனி கிள்ளுவது எல்லாம் நாள் கணக்குப் பார்த்து நடக்கிறது. கண்காட்சியில் நாம் பார்ப்பது அந்தக் கணக்கின் கடைசி வரியை மட்டும்தான். அதனால்தான் நோட்டும் பேனாவும். பிடித்த செடியின் பெயர்ப்பலகையை முதலில் போட்டோ எடுங்கள், அப்புறம் பூவை. இந்த வரிசை மாறினால் வீட்டுக்கு வந்தபிறகு எந்தப் பெயர் எந்தப் பூவுக்கு என்று குழம்பும். பக்கத்தில் தோட்டக்காரர் இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போது விதைத்தது, எத்தனை தடவை கிள்ளியது, வெயிலா நிழலா. நின்று நிதானமாகக் கேட்டால் சொல்வார்கள். போட்டோவுக்காக அவரை நகரச் சொல்லிக்கொண்டிருக்கும் கூட்டத்தில், வேலையைப் பற்றி ஒருவர் விசாரித்தால் அவருக்கும் சந்தோஷம்தானே.

நம்மூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். பூ என்றால் நமக்கு வாசம். பிச்சியும் மல்லியும் கொழுந்தும் முழம் போட்டு வாங்கித் தலையில் வைத்தோ சாமிக்குச் சாத்தியோ பழகியவர்கள் நாம். அங்கே இருக்கும் பூக்களில் பெரும்பாலானவற்றுக்கு வாசம் கிடையாது, இருந்தாலும் லேசுதான். என் மாமியார் முதல் தடவை வந்தபோது ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு இருந்து என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டார். அவருக்காக மறுநாள் ரோஜாப் பூங்காவுக்குப் போனோம். மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டையொட்டி 1995-ல் அமைத்த பூங்கா அது, ஐந்து தளமாகச் சரிவில் இறங்கும். அங்கே அவர் சமாதானமாகிவிட்டார்.

பூங்காவின் மீதிப் பகுதிகளைக் கால் அனுமதிக்கும்வரை பாருங்கள். பெரணி வீடு, இத்தாலியன் பூங்கா, இரண்டு கோடி ஆண்டு பழையது என்று பலகை வைத்திருக்கும் கல்லாகிப்போன மரம், மேலே தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொண்டாலும் பெரிய இழப்பில்லை, கண்காட்சியின் முக்கால்வாசி அங்கேதான். கூட்டத்தில் செல்போன் சிக்னல் படுத்தும். "தொலைந்தால் கண்ணாடி மாளிகை வாசல்" என்று உள்ளே நுழையும்போதே பிள்ளைகளிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

நேரமிருந்தால் குன்னூர் சிம்ஸ் பூங்கா. 1874-ல் தொடங்கியது. மே மாதத்தில் அங்கே பழக் கண்காட்சியும் நடக்கும். ஊட்டியைவிட மரங்கள் அழகு என்பது என் கட்சி.

வாங்குவதும் வாங்காமல் வருவதும்

பூங்கா விற்பனை நிலையத்திலும் வெளியே கடைகளிலும் செடிகள் கண்ணைப் பறிக்கும். இங்கேதான் முதல் தடவை போகிறவர்கள் பணத்தை விடுகிறார்கள். ஏன் அந்தச் செடிகள் நம்மிடம் பிழைப்பதில்லை என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் கை தானாக நின்றுவிடும்.

முதல் காரணம் பகல் வெயில் இல்லை, ராத்திரி. ஃபுக்‌ஷியா, பிகோனியா, சைக்ளமென் எல்லாம் ராத்திரிக் குளிரில் மூச்சு வாங்கிக்கொள்ளும் செடிகள். மே மாதப் பாளையங்கோட்டையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மாடித்தரை சுடும். நிழல்வலை போட்டுப் பகலைச் சமாளிக்கலாம், ராத்திரியை என்ன செய்வது? இரண்டாவது மண். நீலகிரி மண் புளிப்பு மண், அமிலத்தன்மை உள்ளது. ஹைட்ரேஞ்சியா, அசேலியா, கமீலியா எல்லாம் அதற்குப் பழகியவை. ஹைட்ரேஞ்சியா அங்கே நீலமாகப் பூப்பதே அந்த மண்ணால்தான், காரமண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ வாளியின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்புத்தண்ணீர். அதை ஊற்ற ஊற்ற இலை மஞ்சளாகும். மூன்றாவது, நாம் அதைக் கொண்டுவந்து இறக்குவது கத்தரிக் காலத்தில். வருடத்திலேயே மோசமான இருபத்தைந்து நாள்.

குட்டிக் குட்டித் தொட்டியில் ரோஜாப்பூ மாதிரி இருக்கும் எச்செவேரியாவைக் "கள்ளி வகைதானே, வெயில் தாங்கும்" என்று வாங்குகிறார்கள். தாங்காது. அதுவும் குளிர் ஊர்ப்பிள்ளைதான், நம் வெயிலில் வெந்து அழுகிவிடும். வெயிலுக்கு அடீனியம் வேண்டுமென்றால் அது பாளையங்கோட்டை நர்சரியிலேயே இருக்கிறது.

அப்படியானால் என்னதான் வாங்குவது? விதை. கோலியஸ் கிடைத்தால் ஒரு சிறு செடி, அது நம்மிடம் அரைநிழலில் பிழைக்கும். நுனியைக் கிள்ளி நட்டால் பத்துச் செடியாகும். டேலியா கிழங்கு நல்லதாகக் கிடைத்தால் இரண்டு. விதைப் பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். கண்காட்சிக் கூட்டத்தில் போன வருடத்துச் சரக்கையும் தள்ளிவிடுவார்கள். எனக்கு ஒரு தடவை நூறு விதையில் மூன்றுதான் முளைத்தது, பிறகு பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் தேதி முடிந்து எட்டு மாதம். பெட்டூனியாவில் கடையில் வருவது பெரும்பாலும் வீரிய ஒட்டு. அது பூத்து எடுக்கும் விதையில் அடுத்த வருடம் அதே நிறம் வராது, அதனால் விதைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

என்ன சொன்னாலும் ஒரு செடியாவது கையில் இல்லாமல் வர மனசு கேட்காது, தெரியும். ஒரு ஜெரேனியம் வாங்குங்கள். வேர்மண்ணை ஈரச் சாக்கில் சுற்றி அட்டைப்பெட்டியில் நிறுத்தி, பேருந்தின் அடிப்பெட்டியில் போடாமல் காலடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். வந்ததும் தொட்டி மாற்றாதீர்கள், உரமும் வேண்டாம். பத்து நாள் வடக்குப் பார்த்த நிழலில் குழாயடிப் பக்கம் கிடக்கட்டும். பிழைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஊருக்குப் பரிசாக வர்க்கி வாங்கி வந்தால் போதும், அது வாடாது.

விதையை வைத்துக்கொண்டு காத்திருப்பது

இந்த இடத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வந்த வேகத்தில் ஜூன் மாதமே விதைத்துவிடுவார்கள். ஆனி, ஆடிக் காற்றில் நாற்று ஒடியும், மிஞ்சியது வெயிலில் போகும். விதைப் பொட்டலத்தை ஈரம் புகாத கண்ணாடிக் குப்பியில் போட்டு ஃபிரிட்ஜின் கதவுப்பக்கம் வைத்து மறந்துவிடுங்கள்.

நெல்லைக்கு மழை வருவது ஐப்பசி, கார்த்திகையில். குளிர் என்று நாம் சொல்லிக்கொள்வது மார்கழி, தை, மாசி. ஊட்டிச் செடிகளில் எது நம்மோடு ஒத்துப்போகுமோ அது இந்த மூன்று மாதத்தில்தான் பூக்கும். விதைத்துப் பூக்க மூன்று மாதம் சுமார் ஆகும் என்பதால் புரட்டாசிக் கடைசியில் விதைப்பு. அந்தச் சமயம் மழை நாற்றை அடித்துக்கொண்டு போகும், அழுகலும் வரும். ஓட்டுச் சார்ப்பு அடியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்துத்தான் நாற்று விட வேண்டும்.

பெட்டூனியா விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும். ஒரு ஸ்பூன் சலித்த மணலோடு கலந்து, ஈரமான தென்னை நார்க்கழிவின் மேல் தூவிவிடுங்கள். மேலே மண் போட்டு மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். பூவாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். தட்டில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் நாற்றுத்தட்டை வைத்தால் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாளில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். நாலைந்து இலை வந்ததும் தொட்டிக்கு. செம்மண், மட்கிய தொழு உரம், நார்க்கழிவு சம பங்கு. வேர் பிடித்து விரல் நீளம் வளர்ந்ததும், தோட்டக்காரர் சொன்னாரே, கிள்ள வேண்டும். முதல் வருடம் எனக்கு மனசு வரவில்லை. பாதிச் செடியைக் கிள்ளினேன், பாதியை விட்டேன். விட்டதெல்லாம் தென்னங்கீற்று மாதிரி நீண்டு மூன்று பூ பூத்தது. கிள்ளியவை தொட்டியை மூடி நின்றன.

சால்வியாவும் குட்டை டேலியாவும் இதே மாதிரி வரும், சால்வியாவுக்கு மதியத்துக்கு மேல் நிழல் வேண்டும். முடிந்தவரை மழைத்தண்ணீரோ தாமிரபரணித் தண்ணீரோ ஊற்றுங்கள். பான்சி என்னை இரண்டு தடவை ஏமாற்றியது, மூன்றாவது தடவை முயற்சிக்கவில்லை.

ஊட்டிவரை போக வசதிப்படாதவர்கள் குற்றாலம் சாரல் விழாவைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் விழா நடக்கும்போது ஐந்தருவிப் பக்கத்துச் சுற்றுச்சூழல் பூங்காவில் தோட்டக்கலைத் துறை மலர்க் கண்காட்சி வைப்பதுண்டு. ஊட்டியோடு ஒப்பிட்டால் சின்னதுதான். நெல்லையிலிருந்து காலையில் போய் அருவியில் குளித்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். அங்கேயும் நோட்டைக் கொண்டுபோங்கள்.

பெட்டூனியா மாசி கடந்து பங்குனி வெயில் ஏறியதும் ஓய்ந்துவிடும். பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தத் தொட்டிகளில் நித்தியகல்யாணியும் பத்துமணிப்பூவும் வையுங்கள். அடுத்த மே மாதம் நீங்கள் ஊட்டிக்குப் போயிருக்கும் நாலு நாள் தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டாலும் அவை தாங்கும்.